துளி இரைச்சல் இல்லாத ஆம்ப்

வியாழன், இரவு.

ஆவூர் மாதா கோயில் பாட்டுக் குழுவில் கிட்டார் வாசிக்கும் அந்தோணி, நான் செய்து வைத்திருந்த ஆம்பை, அதாவது கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டியை, வாங்கிப்போக இன்று மத்தியானம் மனைவியோடு வந்தான். ஒவ்வொரு கம்பியும் என் கையால் பற்றவைத்தது. எப்போதும்போல, கிட்டாரைச் சொருகாமலே வால்யூமை முழுக்க ஏற்றி, ஸ்பீக்கரில் காதை வைத்துக் காட்டினேன்.

"பாத்தியா, துளி இரைச்சல் இல்ல."

இருபது வருடமாக எனக்குப் பேர் வாங்கித் தந்ததே அதுதான்.

"என்னங்க, ஙொய்யினு இரையுதே?" என்றாள் அவன் மனைவி.

அந்தோணி அவளைக் கண்ணாலேயே அடக்கினான். நான் பார்த்துவிட்டேன். "அருமையா இருக்குண்ணே, எடுத்துக்கிட்டுப் போறோம்" என்றான் என்னிடம்.

"இன்னைக்கு வேணாம்ப்பா, ஒரு ஒயரு பத்தவைக்கணும்" என்று பொய் சொல்லி அனுப்பிவிட்டேன்.

போன வருடம் வாங்கிப்போனவர்களும் அருமை என்றுதான் சொன்னார்கள். எத்தனை பேர் இப்படிக் கண்ணைக் காட்டிக்கொண்டார்களோ. முகத்துக்கு நேரே திட்டியிருக்கலாம், பாவிகள்.

அவர்கள் போனதும் மறுபடி காதை வைத்துக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. முன்பக்கத் துணியைக் கழற்றி, ஸ்பீக்கர் தாளில் விரலை வைத்தேன்.

அதிர்ந்துகொண்டிருந்தது.