தெற்குச் சுவர்

சித்திரை 9, காலை
வெளியே வெப்பம் ஐம்பத்திரண்டு. நிலவறையில் முப்பத்தொன்று. தோண்டும் வேலை இன்று தொடக்கம்.

இதைப் படிப்பவருக்கு: நான் சுகிர்தா, மண் ஆய்வாளர். செம்மணல் மேடுகள் நிறைந்த தேரிக்காட்டு ஓரத்தில் எங்கள் வீடு. கோடையில் பகல் முழுவதும் நிலவறையில்தான் பிழைப்பு. அதில் இரண்டு பேர்தான் இருக்க முடியும். என் தங்கை ஜெபசீலி கைக்குழந்தையோடு வரப்போகிறாள். அவள் ஊர்ப் பொது நிலவறையில் குளிர்விக்கும் கருவி நின்றுவிட்டது. ஆகவே தெற்கே ஓர் அறை கூட்டுகிறோம். தேரி மண் சர்க்கரை மாதிரி சரியும். புதுப் பள்ளத்தின் தென்கரையில் சுவர் கட்டி முடிக்கும்வரை நிலவறையின் பழைய தெற்குச் சுவரில் கை வைக்கக் கூடாது. வீட்டுப் பாரம் அதன்மேல்தான்.

சித்திரை 11, மாலை
வாடகைக்கு வந்த இயந்திரம் தோண்டவும் செய்யும், கல் அடுக்கிக் கட்டவும் செய்யும். என் கணவர் ஞானதிரவியம் அதற்குப் பெருச்சாளி என்று பெயர் வைத்துவிட்டார். தமிழ் தெரியும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். தெரிந்ததெல்லாம் அரசாங்கக் கடிதத் தமிழ். நான் உட்கார்ந்து எங்கள் பேச்சைச் சொல்லிக்கொடுத்தேன். "மண்ண எடு. கல்ல எடு." இப்போது சொன்ன மாத்திரத்தில் அள்ளி அப்புறப்படுத்துகிறது. "உத்தரவு கிடைத்தது. மண் எடுக்கப்படுகிறது" என்று கூடைக்குக் கூடை அறிவிப்பு வேறு. எரிச்சலாக வருகிறது.

இவரும் வேலை வாங்கட்டும் என்று எல்லாக் குரலுக்கும் கீழ்ப்படியும்படி மாற்றி வைத்தேன். நேரிலோ, அதற்குள்ளேயே இருக்கும் வாக்கிடாக்கியிலோ, கடைசியாகக் காதில் விழுந்த குரல் சொன்னதைச் செய்யும்.

சித்திரை 14, காலை
ஜெபசீலி முன்னதாகவே வந்துவிட்டாள். பையனுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. இன்னும் பெயர் வைக்கவில்லை. பள்ளம் தயார், சுவர்தான் பாக்கி. நிலவறையில் இப்போதே மூச்சு முட்டுகிறது. இவர் விடியலில் தண்ணீருக்குப் போனார், வெயிலில் மாட்டிக்கொண்டார். சற்றுமுன் வாக்கிடாக்கியில் பேசினார்:

"சுகிர்தா, தண்ணி நெலையத்து அடியிலதான் ஒதுங்கியிருக்கேன். பொழுது சாஞ்சுதான் வர முடியும். பெருச்சாளிய சும்மா போடாத, என்ன? ஏ பெருச்சாளி, தெக்குச் செவுர எடுத்துரு!"

"உத்தரவு கிடைத்தது. தெற்குச் சுவர் எடுக்கப்படுகிறது."

அப்பாடா என்றிருந்தது. குழந்தைக்குத் துணி நனைத்துத் துடைக்கப் போகிறேன்.

சித்திரை 14, நேரம் தெரியவில்லை
வீடு இறங்கிவிட்டது.

இவர் கொத்தனார் வீட்டுப் பிள்ளை. சுவர் எடுப்பது என்றால் கட்டி எழுப்புவது. எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். என் காதிலும் அப்படித்தான் விழுந்தது. பெருச்சாளிக்குத் தெரிந்ததோ நான் கற்றுக்கொடுத்த ஒரே 'எடு'. இருந்த தெற்குச் சுவரை எடுத்துவிட்டது.

மேல்தளம் சாய்ந்து, இடிந்த கற்குவியலின்மேல் தங்கி நிற்கிறது. அடியில் ஓர் இடுக்கு. அதில் நாங்கள் மூவர். ஜெபசீலியின் கால் சிக்கியிருக்கிறது. பையனை என் மடியில் வைத்திருக்கிறேன். குவியலில் ஒரு கல் நகர்ந்தாலும் தளம் எங்கள் மேல்தான். பெருச்சாளி குவியலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறது, விளக்கு எரிகிறது. "நில்லு" என்றேன், நின்றது. அதை அணைக்கும் பொத்தான் எனக்கு எட்டாது.

வாக்கிடாக்கியில் நான் பேசுவது போகவில்லை. கத்தினாலும் இடிபாட்டைத் தாண்டி மேலே கேட்காது. இவர் பேசுவது மட்டும் வருகிறது. பெருச்சாளிக்கும் வரும். எனக்குப் பயமாக இருக்கிறது.

சித்திரை 14, மாலை
"ஏட்டி சுகிர்தா... கேக்குதா? வந்துட்டேன். ஆளுவளக் கூட்டியாந்திருக்கேன். புள்ளையப் பாத்துக்க. இந்தா, வந்துருவோம்."

வாய்விட்டு அழுதேன். ஜெபசீலி சிரித்தாள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது: இடிபாட்டில் ஆளை மீட்க வருகிறவர்கள் என்ன சொல்லிக் கத்துவார்கள்?

முதலில் உள்ளே வருபவர் கவனிக்க. வாக்கிடாக்கியை அணையுங்கள். யாரும் வாயைத் திறக்காதீர்கள். ஆனால் இதைப் படிக்க வேண்டியவர்கள் தலைக்கு மேலே நிற்கிறார்கள், படிக்க வேண்டியது என்னிடம் இருக்கிறது.

இப்போது
"கல்ல எடுங்கய்யா! ஒவ்வொண்ணா எடுங்க!"

"உத்தரவு கிடைத்தது. கல் எடுக்கப்படுகிறது."

நில்லு என்று கத்தினேன். நின்றது. இவர் மறுபடியும் எடு என்கிறார். அதன் கை நீள்கிறது. நில்லு. நின்றது. மறுபடியும். ஜெபசீலியும் நானும் மாறி மாறிக் கத்துகிறோம். தொண்டையெல்லாம் புழுதி. பையன் வீரிட்டு அழுகிறான், அதை உத்தரவாக அது எடுத்துக்கொள்ளவில்லை.

மேலே ஆட்கள் சேர்ந்துகொண்டே போகிறார்கள். தெருவே திரண்டு வந்திருக்கிறது. எல்லாரும் நல்லவர்கள். எல்லாரும் ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்கள்.

ஜெபசீலிக்குக் குரல் போய்விட்டது. எனக்கும் காற்றுதான் வருகிறது. எழுதினால் அதற்குக் கேட்காது.

நில்லு
நில்லு
நி