வெள்ளைப் பூ வந்த அன்னிக்கு நின்னவங்க

கொழிஞ்சாம்பாறை
3-4-1974

பேரன் நாச்சிமுத்துக்கு அப்பத்தா எழுதறது.

அன்னிக்குக் கோயில்ல நின்னவங்க பேரச் சொல்றேன், கேட்டுக்க. நீ. நான். உங்கப்பன் ஆறுச்சாமி. உங்கம்மா கமலாத்தாள். அவ கூடப் பொறந்த உன் மாமன் காளிச்சாமி. பூசாரி மயிலப்பன். வேற ஈ காக்கா இல்ல. வேப்பமரத்தடியில ஆடு ஒண்ணு படுத்திருந்துச்சு, அதுக்கு உன் மூணாறு எஸ்டேட்டுக்கு வழி தெரியாது.

பம்பாய்ல ப்ளேன் ஓட்டற வேலைக்கு இருவத்திநாலாந்தேதி இன்டர்வியூன்னு உனக்குக் கார்டு வந்தது நம்ம ஊட்டோட இருந்துச்சு. சாமிகிட்டப் பூக் கேட்டுட்டுப் போலாம்னு நாந்தான் எல்லாரையும் கூட்டிட்டுப் போனேன். செவப்பு ஒரு பொட்டணம், வெள்ளை ஒரு பொட்டணம் கட்டி வெச்சுட்டுப் பூசாரி சொன்னான், "ஆத்தா, காரியத்த வாய்விட்டுச் சொல்லோணும், மனசுக்குள்ள நெனச்சா வாக்கு நிக்காது"ன்னு. சொன்னேன். "என் பேரன் தேயிலை வேலைய உட்டுப்போட்டு ஆகாசத்துக்குப் போறான், போலாமா?" வெள்ளை வந்துச்சு, போலாம்னு உத்தரவு. உங்கப்பன்தான் முந்திக்கிட்டு அந்தப் பூவ எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டான்.

இப்ப நீ எழுதியிருக்கற, மேனேஜருக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு, லீவு இல்லைன்னுட்டான்னு. சாமி போய்ச் சொல்லியிருக்காது. பூசாரிக்குக் கோயில் படி ஏறினாலே மூச்சு வாங்கும். அந்த எஸ்டேட்டுல உன்னைச் சேத்துவிட்டது ஆரு? காளிச்சாமி. வருசா வருசம் அந்த மேனேஜருக்கு மாங்காக் கூடை தூக்கிட்டுப் போய்ப் பல்லைக் காட்டறது ஆரு? காளிச்சாமி. உங்கம்மா கலியாணப் பந்தியில எங்க ஊட்டு ரசத்தக் குடிச்சுப்போட்டு, "புளிய சுடுதண்ணிக்குக் காட்டி எடுத்துட்டாங்களாட்டம் இருக்குது"ன்னவன் அவன். நான் மறக்கல. அந்த வாய்தான் இந்த வாயும்.

பதில் போடு. பயப்படாம போடு.

அப்பத்தா
மருதாத்தாள்

* * *

மூணாறு
8-4-1974

அன்புள்ள அப்பத்தாளுக்கு நாச்சிமுத்து வணக்கம்.

இங்கே நல்ல சுகம். கோடை மழை பிடித்துக்கொண்டது. கொழுந்து மலைபோல வந்து குவிகிறது. என்னை ஒரு நாள் விடாமல் ஃபேக்டரியில் போட்டிருக்கிறார் மேனேஜர். இலை உலர்த்தும் அறையில் நின்றுகொண்டு பாடத்தைச் சொல்லிப் பார்க்கிறேன். ஒரு இஞ்சின் நின்றுவிட்டால் என்ன செய்ய வேண்டும், முதலில் எதை மூட வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று வாய்க்குள் முணுமுணுப்பதைப் பார்த்து, பையனுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று கொழுந்து சுமக்கிற பெண்கள் சிரிக்கிறார்கள்.

மேனேஜர் எல்லார் முன்னாலும் கேட்டார்: "என்னப்பா, ஆகாசத்திலே போறவனுக்கு அடுப்படியிலே என்ன வேலை? போனால் போனதுதான், திரும்பி வராதே." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மதராஸில் என்னோடு பறக்கப் படித்து லைசென்ஸ் வாங்கியவர்கள் எத்தனையோ பேர் வேலையில்லாமல் இருக்கிறார்கள். பம்பாயிலும் எடுபடாமல், இந்த வேலையையும் விட்டுவிட்டால் எந்த முகத்தோடு வீட்டுக்கு வருவேன்? அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாமா என்று தோன்றுகிறது. மாமாவோடு சண்டை வேண்டாம், அப்பத்தா.

உங்கள் பேரன்
நாச்சிமுத்து

* * *

கொழிஞ்சாம்பாறை
12-4-1974

நாச்சிமுத்துக்கு,

உன் கடுதாசியில பாதி மழை, பாதி பயம். மனுசன் எழுதினது எங்கயும் காணோம்.

அந்த மேனேஜரு பெரிய ஆளா? அவன் ஜீப்பு ஏத்தத்துல நின்னா எறங்கித் தள்ள நாலு ஆள் வேணும். அவன் உன்னையப் பாத்து ஆகாசம்ங்கறான். அவன் சிரிச்சா நீயும் சேந்து சிரிச்சுட்டு நின்னயா? நின்னிருப்ப. உங்கப்பன் ரத்தம், பெரிய மனுசனக் கண்டா துண்டு தானா இடுப்புக்கு எறங்கிரும்.

சண்டை வேண்டாம்ங்கற. போட்டாச்சு. காளிச்சாமி ஊட்டு வாசல்ல நின்னு கேட்டேன். "ஏனுங்க அத்தை, உள்ள வந்து தண்ணி குடிச்சுட்டுத் திட்டுங்க"ன்னான். உன் ஊட்டுத் தண்ணி என் தொண்டையில எறங்காதுன்னேன். மறுநா அவனே கோயிலுக்கு வரச்சொல்லி, சாமி முன்னால கற்பூரம் பத்தவெச்சு, நான் சொல்லலைன்னு உள்ளங்கையால அமுத்தி அணைச்சான். கை பொங்கிப்போச்சு. பூசாரி ஓடிப்போய் வாழைத்தண்டுச் சாறு புழிஞ்சு ஊத்தினான். பக்கத்துல உங்கப்பன் நின்னு "அடடா, அடடா"ன்னான். நான் நம்பல. தட்டுக்கடையில பரோட்டா திருப்பற கையாட்டம் மரத்துப்போன கை அது, சுட்டிருக்காதுன்னேன்.

நீ கெளம்பு. வேலை போனாப் போகுது. இன்டர்வியூல எதுத்தாப்புல உக்காந்திருக்கறவன் கோட்டப் பாக்காத, மூஞ்சியப் பாத்துப் பேசு. தெரியாததத் தெரியாதுன்னு சொல்லு. இருக்கற வேலைய ஏன் உடறேன்னு கேட்டா, மேனேஜரக் கொறை சொல்லாத. கொறை சொல்றதுக்கு நான் இருக்கறேன்.

வெள்ளைப் பூ வந்துட்டுது. போகாம இருந்தீன்னா சாமிக்கு நீ பதில் சொல்லிக்க, எனக்குக் கடுதாசி போடாத.

அப்பத்தா

* * *

பம்பாய்
6-5-1974

அன்புள்ள அப்பத்தாளுக்கு,

எடுத்துக்கொண்டார்கள். இருபதாம் தேதி பயிற்சியில் சேர வேண்டும். நாலு பேர் உட்கார்ந்து கேட்டார்கள். அதில் ஒருவர், "டீ ஃபேக்டரியில் பறப்பதற்கு என்ன கற்றுக்கொண்டாய்?" என்று கேட்டுச் சிரித்தார். "ஒன்றும் கற்கவில்லை சார், அதனால்தான் இங்கே வந்தேன்" என்றேன். மற்ற மூவரும் சிரித்துவிட்டார்கள்.

இன்னொன்று. சொல்லாமல் இருக்கத்தான் நினைத்தேன். மாமா கை இன்னும் ஆறவில்லை என்று அம்மா எழுதியிருந்ததால் சொல்கிறேன். நான் ராஜிநாமா கொடுத்த அன்று மேனேஜர் சொன்னார்: "என்மேல் கோபப்படாதே. உன் தகப்பனார்தான் பஸ் ஏறி வந்து, பங்களாவில் சாப்பிட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டார். தேயிலை அலுத்தால் ஊரில் எங்கள் தோட்டத்தைப் பார்க்க வந்துவிடுவான், ஆகாசத்துக்குப் போனால் வரமாட்டான், ஒரே பையன், விட்டுவிடாதீர்கள் என்றார்."

அப்பா மேல் எனக்குக் கோபம் இல்லை. பயத்தில் செய்தது. நீங்களும் மன்னித்துவிடுங்கள். மாமாவிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

நாச்சிமுத்து

* * *

கொழிஞ்சாம்பாறை
12-5-1974

என் தங்கம் நாச்சிமுத்துக்கு,

நல்லாப் பறந்து நல்லா எறங்கு. கோயிலுக்குப் பொங்கல் வெச்சுட்டேன்.

காளிச்சாமி ஊட்டுக்குப் போனேன். தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல. மோர் கேட்டு வாங்கிக் குடிச்சேன். தண்ணியாட்டம் இருந்துச்சு, அவன் பொண்டாட்டிக்கு இன்னும் கை வரல. மிச்சம் வெக்காமக் குடிச்சேன். அவனுக்குப் புரிஞ்சுது, இடது கையால கண்ணத் தொடச்சுக்கிட்டான். அந்த ரசத்துப் பேச்சக்கூட இன்னியோட உட்டுட்டேன்.

உன் மேனேஜரையும் உட்டுட்டேன். கூலிக்கு இருக்கறவன், சொன்னதச் செஞ்சான்.

பயத்துல செஞ்சதுன்னு நீ எழுதற. பயந்தான் கண்ணு, ஒத்துக்கறேன். ஒத்தப் புள்ளையப் பெத்தவனுக்குப் பயம் இருக்கும். மூணாறுக்குப் பஸ் ஏறினத நான் மன்னிச்சுருவேன்.

ஆனா இந்த ஊட்டுல நான் காளிச்சாமியத் திட்டித் திட்டி வாய் நோகறப்ப, எதுத்தாப்புல உக்காந்து சோத்தப் பெசைஞ்சுக்கிட்டு, "ஆமா ஆத்தா, அவன் அப்படித்தான்"னான். குத்தமில்லாதவன் கை கற்பூரத்துல வேகறப்ப, பக்கத்துல நின்னு "அடடா"ன்னான். அந்தக் கை அணைக்கறதுக்கு முன்னால ஒரு வார்த்தை போதும். அதுக்கு வாயில்ல. வெள்ளைப் பூவ மொதல்ல கண்ணுல ஒத்திக்கிட்டவனுக்கு.

இப்ப ஊட்டுல அவன் சோறு கேட்டா உங்கம்மா போடறா. நான் போடறதில்ல, பேசறதில்ல. அன்னிக்கு நின்னவங்க எல்லாரு மேலயும் இருந்த கோவத்த எறக்கி வெச்சுட்டேன். செத்தாலும் மன்னிக்காத ஆளு ஒருத்தன் மட்டும் இருக்கறான். உங்கப்பன்னு சொல்ல மாட்டேன், என் மகன்னும் சொல்ல மாட்டேன். பேரு மட்டும் சொல்றேன்.

ஆறுச்சாமி.