நான்கு காற்றுகளின் பாட்டு

நேற்று மாணவிகளோடு பழவேற்காட்டில் பேருந்தை விட்டு இறங்கியதும் கருவாட்டு வாசனை முகத்தில் வந்து மோதியது. பிள்ளைகள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் ஆழமாக ஒரு மூச்சு இழுத்தேன். உடனே நினைவில் நீ வந்து நின்றாய். பல்கலைக்கழக விடுதிக்கு வந்த முதல் நாளில், உன் பையிலிருந்து இதே வாசனையோடு கருவாட்டுப் பொடியை எடுத்து, கேட்காமலேயே எல்லோர் தட்டிலும் வைத்தவள் நீ. "மூஞ்ச சுளிக்காத துண்ணுங்கடி. நாளைக்கு நீங்களே கேப்பீங்க" என்றாய். மறுநாள் கேட்டார்கள். உனக்கு எல்லாமே அப்படித்தான் நடந்தது.

நான் பழவேற்காடு பஜாரில் வளர்ந்தவள். என் நைனாவுக்கு இறால் வியாபாரம். சின்ன வயதிலிருந்தே என்னைப் பொன்னேரிக்கு அழைத்துப்போய்ப் பாட்டு கற்றுக்கொள்ள வைத்தார். நீ பக்கத்திலிருக்கும் கோட்டைக்குப்பம். உன் நைனா ஏரியிலும் கடலிலும் வலை போட்டவர். கோயில் பஜனையிலும் ரேடியோவிலும் கேட்டதுதான் உன் பாடம். பல்கலைக்கழக இசைத் துறையின் நுழைவுத் தேர்வில் நான் ஒரு வர்ணம் பாடினேன். எங்கும் பிசகவில்லை. துறைத் தலைவர் அம்மா தலையை ஆட்டிக்கொண்டே மதிப்பெண் எழுதினார். அடுத்து நீ போனாய். நீ பாடத் தொடங்கியதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நீ முடிக்கும்வரை அதை எடுக்கவேயில்லை. கதவோரம் நின்று நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று பற்றிய நெருப்பு. இன்னும் அணையவில்லை.

சனிக்கிழமைகளில் பொன்னேரி ரயிலில் சேர்ந்தே ஊர் திரும்புவோம். ஒருமுறை நீ ஜன்னலோரம் உட்கார்ந்து, அன்று வகுப்பில் நடந்த பல்லவியை வேறொரு தாளத்தில் தொடையில் தட்டிக்கொண்டிருந்தாய். நான் வாரம் முழுக்கச் சாதகம் செய்தும் கைக்கு வராத தாளம் அது. தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

"உன்மேல எனக்கு வயித்தெரிச்சல்டி. சும்மா சொல்லல, நெசமாவே எரியுது."

நீ திரும்பிப் பார்த்தாய். கோபப்படுவாய் என்று நினைத்தேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

"எரியட்டும்டி. எரிஞ்சாதான் நீ நல்லா பாடற. ஆனா பேசாத மட்டும் இருந்துடாத."

நான் பேசாமல் இருந்ததேயில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் டச்சுக் கல்லறைக்குப் போய்ப் பாடுவோம். அங்கே ஆள் நடமாட்டம் இருக்காது. கல்லில் எலும்புக்கூடு செதுக்கிய வாசலைத் தாண்டியதும், "தொர, எழுந்துக்க, கச்சேரி" என்று அந்த டச்சுக்காரர்களை அதட்டுவாய். கல்லறை மேடையில் சாய்ந்து நீ ஒரு ராகத்தை இழுப்பாய், நான் அதை வாங்கி இன்னும் கொஞ்சம் மேலே கொண்டுபோவேன். என்னால் போகமுடிந்த இடம்வரை விட்டுவிட்டு, அதற்கு மேலே நீ சாதாரணமாக ஏறுவாய்.

கடைசி ஆண்டில் ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு பாட்டு அமைக்கவேண்டும் என்றார்கள். சிறந்ததை ஆசிரியர்களும் மாணவர்களும் ஆண்டு விழா மேடையில் சேர்ந்து பாடுவார்கள். நான் கீரவாணியில் ஒரு கீர்த்தனை செய்தேன். இலக்கணத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. நீ ராகமாலிகை செய்தாய். நான்கு காற்றுக்கு நான்கு சரணம், நான்கு ராகம். கொண்டல், கச்சான், தென்றல், கடைசியில் வாடை. வாடை அடித்தால் கடலுக்குப் படகு போகாது, அடுப்பும் எரியாது. அதனால் அந்தச் சரணத்தை முகாரியில் வைத்திருந்தாய். நீ அதைப் பாடிக் காட்டியபோது வயலின் ஆசிரியர் எழுந்து வெளியே போனார். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

உன் பாட்டுதான் மேடையேறியது. முன்வரிசையில் நின்று நான் பாடினேன். இவ்வளவு நல்ல பாட்டு ஏன் எனக்கு வரவில்லை என்ற ஆத்திரத்தில், அதுவரை பாடாத அளவுக்கு நன்றாகப் பாடினேன்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை. துறையில் விரிவுரையாளர் இடம் ஒன்று காலியானது. தலைவர் அம்மா உன்னைக் கூப்பிட்டார். நான் கூடவே இருந்தேன். நீ ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"எனக்கு வேணாம்மா. ஒரே ரூம்ல உக்காந்தா எனக்குப் பாட்டு வராது. இவளுக்குக் குடுங்க, இவ நல்லா சொல்லித் தருவா."

எனக்கே கொடுத்தார்கள். நான் கனவு கண்ட நாற்காலியை நீ வேண்டாமென்று தள்ளிவிட்டு, உனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டு கோட்டைக்குப்பத்துக்கே திரும்பினாய். அந்த நாற்காலியில்தான் இன்றும் உட்கார்ந்திருக்கிறேன். நல்ல ஆசிரியை என்று பெயரெடுத்தேன். சொந்தமாக ஒரு பாட்டும் செய்யவில்லை.

நடுவில் ஒருமுறை உன்னைப் பார்க்க வந்தேன். கரையில் உட்கார்ந்து நண்டு பிரித்துக்கொண்டிருந்தாய்.

"ஏன்டி பாட்ட வுட்டுட்ட?" என்று கேட்டேன்.

"எங்கடி வுட்டேன்? பாடிக்கினுதான் இருக்கறேன். உங்க மேடையில பாடல, அவ்ளோதான்."

சமாளிக்கிறாய் என்று நினைத்தேன். சொல்லப்போனால் அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது. போன மழைக்காலத்தில் மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோனது. செய்தி எனக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

நேற்று உன் பாட்டை உன் ஊர்க்காரர்கள் முன்னால் பாட வேண்டும் என்றுதான் துறையையே கிளப்பிக்கொண்டு வந்தேன். சாயங்காலம், கல்லறைக்குப் பக்கத்துத் திடலில் மேடை. வயலின், மிருதங்கம், மாணவிகள், நடுவில் நான். உன் வீட்டுக்காரரும் மகளும் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று சரணமும் நன்றாகப் போயின. கேட்டுக்கொண்டிருந்த குப்பத்துப் பெண்கள் கூடவே முணுமுணுத்தார்கள். வாடைக்கு வந்தோம். முகாரியை எடுத்தேன். கீழேயிருந்து வேறொன்று கேட்டது.

அவர்கள் நீலாம்பரியில் பாடிக்கொண்டிருந்தார்கள். வார்த்தைகளும் வேறு. வாடை அடிக்கிறது, படகு கரையில் கிடக்கிறது, இன்றைக்கு நைனா வீட்டில் இருக்கிறார், பிள்ளை அவர் மடியில் தூங்குகிறது. பட்டினிப் பாட்டைத் தாலாட்டாக மாற்றிவிட்டிருக்கிறாய்.

நான் கையைக் காட்டினேன். வயலின் நின்றது, மிருதங்கம் நின்றது. பல்கலைக்கழகம் மொத்தமும் மேடையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து அந்தப் பெண்கள் பாடி முடிக்கும்வரை கேட்டது. பக்கத்திலிருந்த மாணவி என் காதில், "எது சரி மேடம்?" என்றாள். "அதுதான்" என்றேன். சொன்ன குரலில் அழுகை பாதி. மீதியை நீ அறிவாய்.

எல்லோரும் கலைந்த பிறகு உன் வீட்டுக்காரர் வந்தார்.

"நல்லா பாடனீங்கம்மா. அது இருந்தா சிரிச்சிருக்கும்."

"இந்த மாதிரி வேற பாட்டு இருக்கா?" என்று கேட்டேன்.

"இன்னாமா இப்டி கேட்டுட்டீங்க? எம்மாம் பாட்டு! இங்க பொம்பளைங்க எல்லாருக்கும் தெரியும். புதுசா ஒண்ணு கட்டிச்சின்னா பசங்களக் கூப்ட்டு பாடிக் காட்டும். அப்பறம் உங்க பேரச் சொல்லும்."

"என் பேரையா? ஏன்?"

"தப்பா எடுத்துக்காதீங்க. 'இத மட்டும் அவ கேட்டா ஒரு வாரம் தூங்கமாட்டா'னு சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்."

இத்தனை வருடமாக நீ எனக்காகத்தான் பாட்டுக் கட்டிக்கொண்டிருந்தாய். என் நெருப்பை நான் மட்டுமே வளர்த்ததாக நினைத்திருந்தேன், நீயும் அங்கிருந்து விறகு போட்டிருக்கிறாய்.

இன்று காலை முதல் வகுப்பில் வாடைச் சரணத்தை நீலாம்பரியில் சொல்லிக்கொடுத்தேன். அடுத்த விடுமுறையில் உன் மகளையும் அந்தப் பெண்களையும் உட்காரவைத்து மற்றப் பாட்டுகளையும் கேட்கப்போகிறேன். ஒவ்வொன்றுக்கும் வயிறு எரியும், தெரிந்தேதான் போகிறேன். இப்போது அறைக் கதவைச் சாத்திவிட்டுத் தம்புராவை மடியில் வைத்திருக்கிறேன். மாணவப் பருவத்துக்குப் பிறகு முதல் முறையாகச் சொந்தமாக ஒரு பல்லவி செய்து பார்க்கிறேன். முதல் வரி வந்திருக்கிறது. உன்னுடையதைவிட நன்றாக இல்லை. அடித்துவிட்டு மறுபடி தொடங்குகிறேன்.