வண்டி பார்க்க வருபவருக்கு டீ மட்டும்

மாமா,

நெத்திலிக் குழம்பு அடுப்பின் மேல் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள். பத்து மணிக்கு நம் காரை விலை பேச மாதவரத்து ஆள் வருவார். டீ கொடுத்து அனுப்பிவிடு. காரை நான் எடுத்துக்கொண்டு எம்.கே.பி. நகர் கடைகளுக்குக் கருவாடு போடப் போகிறேன்.

ஆமாம், ஓடுகிறது! விடிந்ததும் என் தம்பி மணியைக் கூப்பிட்டேன். போட் இன்ஜின் பார்ப்பவன்தானே. "டீசல் பம்பு செத்துப்போச்சு" என்று நீ சொன்னதைச் சொன்னேன்.

"பம்பு நல்லாத்தான் கீதுக்கா. டேங்க்லேர்ந்து வர்ற ரப்பர் டியூபுதான் வெடிப்பு வுட்டுகீது. டீசலோட காத்தையும் இஸ்துகினு கீது" என்றான்.

இரவெல்லாம் நிற்கும்போது டீசல் டேங்குக்கே இறங்கிவிடுகிறதாம். அதனால்தான் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை. புது டியூப் போட்டோம். ஃபில்டரில் தேங்கிய தண்ணீரை வடித்து, கைப்பம்பை அழுத்திக் காற்றை வெளியேற்றினோம். ஒரே செல்ஃபில் பிடித்துக்கொண்டது.

இனி டேங்க் காய்கிற வரை ஓட்டாதே. அடியில் கிடக்கும் கசடும் தண்ணீரும் ஃபில்டரை அடைத்துவிடும். மாதாமாதம் ஃபில்டர் தண்ணீரை நானே வடித்துவிடுகிறேன்.

நேற்று "உங்கப்பன் வூட்டு ஓட்ட வண்டி" என்றாய். வண்டியைச் சொன்னதுகூடப் பரவாயில்லை மாமா. அப்பாவைச் சொன்னதுதான் வலித்தது.

கீர்த்தி

தாளில் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். சாயங்காலம் எண்ணூர் கடற்கரைக்குப் போகலாம். ஓட்டுவது நீ. வழியில் நின்றால் இறங்கித் தள்ளுவது நான். பேசாமல் மட்டும் வராதே.