குளிக்கத் தடை போட்ட நாளில் நனைந்த தலை

அக்கா,

இதை எழுதுகிற என் விரல்களில் உங்கள் தைல வாசனை அடிக்கிறது. திங்கட்கிழமை காலையில் உங்கள் மகள் வந்து உங்கள் வேதபுத்தகத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். கறுப்பு உறையின் ஜிப்பைத் திறந்ததுமே குப்பென்று தைல மணம். நெற்றியில் தைலம் தேய்த்த கையோடு பக்கம் புரட்டாதீர்கள், கறை படுகிறது என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! ஒரு நாளாவது கேட்டீர்களா?

பிறகு பின் அட்டையைத் திருப்பினேன். உள்பக்கம் முழுக்க ஸ்டிக்கர் பொட்டு. சிவப்பும் அரக்குமாக வரிசை வரிசையாக ஒட்டியிருக்கிறது. எல்லாம் என் நெற்றியில் இருந்தவை. வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு வந்து உட்கார்ந்ததும் அவசர அவசரமாகப் பொட்டை எடுப்பேன். பக்கத்தில் நீங்கள் வைத்திருக்கும் புத்தகத்தில்தான் ஒட்டுவேன். வீட்டுக்குப் போகும்போது பையிலிருந்து புதுப் பொட்டு ஒன்றை எடுத்து வைத்துக்கொள்வேன். பழையதை நீங்கள் பிய்த்துப் போட்டிருப்பீர்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

அன்றைக்கு வீட்டில் எல்லாரும் இருந்தார்கள். என் வீட்டுக்காரர் முற்றத்தில் உரச்சாக்கை மடித்துக்கொண்டிருந்தார். மகன் லீவு முடிந்து புதன்கிழமை பட்டாளத்துக்குத் திரும்புகிறவன், உள்ளே துணி அடுக்கிக்கொண்டிருந்தான். "யாரும்மா வந்தது?" என்று கேட்டான். "தையல்காரக்கா மக. மிச்சத் துணி இருந்துச்சாம், கொடுத்துட்டுப் போறா" என்றேன். சொல்லிக்கொண்டே புத்தகத்தை அரிசி டிரம்முக்குள் புதைத்தேன். நீங்கள் செத்த பிறகும் உங்களை வைத்தே பொய் சொல்கிறேனே என்று இருந்தது.

நான் உங்களிடம் முதலில் வந்ததே ஒரு பயத்தில்தான், நினைவிருக்கிறதா? தென்காசியில் உங்கள் கடைக்கு ஜாக்கெட் வாங்க வந்திருந்தேன். எல்லையில் சண்டை என்று டிவியில் ஓடிக்கொண்டிருந்த நேரம். மகனுடைய போன் அணைந்து கிடந்தது. நீங்கள் ஜாக்கெட்டை மடித்து நீட்டுகிறீர்கள், எனக்கு அதைப் பிடிக்கக் கை வரவில்லை. மிஷினை நிறுத்திவிட்டு, "என்னட்டி, முகம் இப்படி இருக்கு?" என்று கேட்டீர்கள். அதற்கு முன்னால் நீங்கள் என்னை ஏட்டி என்று கூப்பிட்டதே கிடையாது. நூல் பிசிறு கிடந்த தரையில் முழங்கால் போட்டு என் பிள்ளையின் பெயரைச் சொல்லி ஜெபித்தீர்கள். நாலாம் நாள் போன் வந்தது. போன் வந்ததால்தான் நான் உங்கள் பக்கம் வந்தேன் என்று நினைத்திருப்பீர்கள். அது இல்லை அக்கா. அந்த மூன்று நாளும் நீங்கள் சோறு தின்னவில்லை என்று உங்கள் மகள் பேச்சுவாக்கில் சொன்னாள். யார் பெற்ற பிள்ளைக்கோ பட்டினி கிடக்க ஓர் ஆள் இருக்கிறாளே என்றுதான் வந்தேன்.

பிறகு வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி தவறியதில்லை. கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பின்னறையில் ஆறேழு பெண்கள். சுவரில் பள்ளிக்கூட வரைபடம் ஒன்று. நாட்டுக்கான ஜெபம் என்றால் ஆளுக்கொரு மாநிலத்தில் விரல் வைக்க வேண்டும். எனக்கு எப்போதும் உச்சியில் காஷ்மீர்தான். அங்கே விரல் வைத்தால் மகன் தோளைத் தொடுகிற மாதிரி இருக்கும். நீங்கள் ஆளுகிறவர்களுக்காக ஜெபிப்பீர்கள், காவல் நிற்கிறவர்களுக்காக ஜெபிப்பீர்கள், எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் பிள்ளையை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கும் அம்மாமாருக்காகவும் ஜெபிப்பீர்கள். முதல் தடவை அதைக் கேட்டு எனக்குக் கோபமே வந்தது.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் நீங்கள் ஒன்று வைத்திருந்தீர்களே, அதுதான் எனக்குப் பெரிய பயம். வரைபடத்தில் விரல் வைக்கும் முன்னே, அந்த வாரம் அவரவர் வீட்டில் செய்த தப்பு ஒன்றை வாயால் சொல்ல வேண்டும். "நம்ம வீட்ட கூட்டாம நாட்டக் கூட்ட வந்துட்டோம்னு ஆயிரக் கூடாதுல்லா" என்பீர்கள். நான் பாலில் தண்ணீர் கலந்ததைச் சொல்லுவேன், நாத்தனாரைத் திட்டியதைச் சொல்லுவேன். சொல்லி முடித்ததும் நீங்கள் உடனே அடுத்த ஆளிடம் போகாமல் என் முகத்தையே பார்த்திருப்பீர்கள். இன்னொன்று இருக்கிறதே என்று நீங்கள் காத்திருப்பது எனக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொள்வேன்.

உங்கள் முறை வந்த ஒரு நாள், வெட்டி மிச்சமாகும் துணியை வாடிக்கைக்காரர்களிடம் கொடுக்காமல் வைத்துக்கொள்வதாகச் சொல்லி அழுதீர்கள். அது எல்லாத் தையல்காரர்களும் செய்வதுதானே என்று நாங்கள் சமாதானம் சொன்னோம். நீங்கள் கேட்கவில்லை. மறுவாரம் துண்டுத் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனீர்கள். சுரண்டை வரை பஸ்ஸில் போய் ஒரு முழத் துணியைக் கொடுத்துவிட்டு வந்தீர்கள். ஊரே சிரித்தது. "அழுதா மட்டும் சரியாப் போச்சா ஏட்டி? கொண்டு போய்க் கொடுத்தாத்தான் ராத்திரி தூக்கம் வருது" என்றீர்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் எனக்குக் குளிர் எடுத்தது.

ஏனென்றால் நான் என் வீட்டுக்காரரிடம் கொண்டு போய்க் கொடுக்க வேண்டிய உண்மை ஒன்று இருந்தது. எங்கள் வீட்டில் யாரும் இந்தப் பக்கம் வந்ததில்லை. குலசாமி சாஸ்தாவுக்குப் பங்குனி உத்திரம் தவறாத குடும்பம். அவர் நல்ல மனுசன். விடியுமுன் பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கத்தரிக்காய் ஏற்றிவிட்டு வரும்போது எனக்கு மட்டும் தனியாக வடை வாங்கி வருவார். அப்படிப்பட்டவரிடம் வாராவாரம், "ஜாக்கெட் தைக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். "வாரம் ஒண்ணு தைக்கியே, கடையா போடப் போறே?" என்று ஒரு நாள் கேலி செய்தார். அதற்குப் பிறகு பழைய ஜாக்கெட்டையே பையில் போட்டு எடுத்து வருவேன். அதையே நீங்கள் பிரித்துத் தைத்துத் தருவீர்கள். ஒரு பச்சை ஜாக்கெட்டைப் பதினோரு தடவை பிரித்திருப்பீர்கள். "இந்த ஜாக்கெட்டுக்கு வாயிருந்தா நம்ம ரெண்டு பேரையும் சாபம் விட்டிரும்" என்று அதற்கும் சிரித்தீர்கள்.

ஞானஸ்நானம் எடுத்த நாளை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். குற்றாலத்தில் சீசன் நேரம். உங்களோடு அருவியில் குளிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லியாயிற்று. தலை நனைந்து வந்தால் யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை, இதைவிட நல்ல ஏற்பாடு உண்டா என்று நான்தான் பெருமையாகச் சொன்னேன். ஆற்றில் கொடுப்பதாக இருந்தது. போய்ப் பார்த்தால் மலையில் மழை கொட்டி வெள்ளம் சிவப்பாகப் போகிறது. போதகர், இலஞ்சி போகிற வழியில் ஒரு தென்னந்தோப்புக்கு நம்மைக் கூட்டிப்போய் பம்புசெட் தொட்டியில் இறக்கினார். முங்கி எழுந்ததும் எனக்கு வந்த சந்தோசத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதே நீங்கள்தான். வரும்போது அருவிக்குப் போன அடையாளத்துக்கு ஒரு பை ரம்புட்டான் வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்குள் நுழைகிறேன், டிவியில் செய்தி ஓடுகிறது. குற்றாலத்தில் எல்லா அருவியிலும் காலையிலிருந்தே குளிக்கத் தடை. அவர் டிவியைப் பார்த்தார், என் தலையைப் பார்த்தார். "காலம்பரலேருந்து தடைன்னு சொல்லுதான். நீ எங்கன குளிச்ச?" என்று கேட்டார்.

"குளிக்க விடல. சாரல்ல நனைஞ்சிட்டோம்" என்றேன். முடியின் அடி வரை சொட்டச் சொட்டவா சாரலில் நனைவார்கள்? அவர் கொடியிலிருந்து துண்டை எடுத்து வந்து, என்னை உட்கார வைத்து அவரே தலையைத் துவட்டிவிட்டார். "சளி பிடிச்சிரும்" என்று மட்டும் சொன்னார். ஞானஸ்நானத் தண்ணீர் காயுமுன்னே பொய் சொன்ன ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அதிலிருந்து போன் மணி அடித்தாலே மகனுக்கு என்னவோ என்று பயம். என் பொய்க்கு அவன் தலையில் ஏதாவது விழுந்துவிடுமோ என்று ஒரு நாள் உங்களிடம் கேட்டே விட்டேன். உங்களுக்கு வந்த கோபத்தை அன்றுதான் பார்த்தேன். "உன் பொய்க்குப் பழி வாங்க உன் பிள்ளையத் தேடி மலை ஏறுத ஆளா ஆண்டவரு? யாரை நம்பிட்டி முங்குன?" என்று கத்தரிக்கோலை மேசையில் டங்கென்று வைத்தீர்கள். பிறகு குரல் இறங்கி, "அந்த மனுசன் தலை துவட்டி விட்டாருன்னு சொன்னியே. அவருக்காகச் சொல்லு. பயத்துக்காகச் சொல்லாத" என்றீர்கள்.

நீங்கள் ஒன்றும் பயமே இல்லாத ஆள் கிடையாது. ஒரு வெள்ளிக்கிழமை ஜெபத்தின் நடுவில் யாரோ ஷட்டரைப் படபடவென்று அடித்தார்கள். தகராறு பண்ண வந்துவிட்டார்கள் என்று எல்லாரும் வெலவெலத்துப் போனோம். நான் துணி மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். நீங்கள் எழுந்து போனீர்கள். ஷட்டரைத் தூக்கினால், கல்யாணச் சேலைக்கு ஃபால்ஸ் தைத்தாயிற்றா என்று கேட்க வந்த பெண்! சிரித்து ஓய்ந்த பிறகு, "எப்படிக்கா போனீங்க, உங்களுக்குப் பயமில்லியா?" என்று கேட்டேன். "பயமில்லாம நிக்கதுக்கு நான் என்ன கல்தூணா? நடுங்கிட்டேதான் நின்னேன். ஓடல, அவ்வளவுதான்" என்றீர்கள்.

நான் ஓடினேன் அக்கா. நீங்கள் போன அன்றைக்கே ஓடினேன். நெஞ்சுவலி என்று பாளையங்கோட்டைக்குக் கொண்டு போகிற வழியிலேயே முடிந்துவிட்டது என்று சேதி வந்தது. அவரும் என்னோடு துட்டி கேட்க உங்கள் சாவு வீட்டுக்கு வந்திருந்தார். உங்களைப் பற்றி யாராவது நாலு வார்த்தை பேசலாம் என்று போதகர் சொன்னார். உங்கள் மகள் அழுதுகொண்டே என்னைக் கை காட்டினாள். இவர் பக்கத்தில் நிற்கிறார். "நான் சும்மா ஜாக்கெட் தைக்க வார ஆளு. எனக்கு ரொம்பப் பழக்கமில்ல" என்றேன். உங்கள் முகம் எதிரே பெட்டியில் இருந்தது. உங்கள் மகள் கையை இறக்கிக்கொண்டாள்.

அந்தப் பிள்ளைதான் திங்கட்கிழமை புத்தகத்தைக் கொண்டுவந்தது. "அம்மா இத உங்களுக்குத்தான் கொடுக்கணும்னு எப்பவோ சொல்லி வச்சிருந்தா" என்றாள். வேறு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சோறு வடிக்க அரிசி எடுக்கப் போனேன். அளக்கிற படியை விட்டால் புத்தகத்தில் இடிக்கிறது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நாளைக்கு மகன் போகிறான். அவன் இருக்கும்போது சொல்லாவிட்டால் பிறகு எனக்கு வாயே வராது என்று தெரிந்தது. சொன்னால் இந்த வீடு என்னவாகும் என்றும் தெரியவில்லை. அவர் என்னைப் பிறந்த வீட்டுக்குப் போகச் சொல்லலாம், மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டு ரயில் ஏறலாம். பயம் என்றால் அப்படியொரு பயம். புத்தகத்தை எடுத்து முந்தானையால் அரிசித் தூசியைத் துடைத்தேன். இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்திருந்த இடத்தில் கொண்டு போய் வைத்தேன்.

"அன்னைக்கு நான் சாரல்ல நனையல" என்றேன்.

அவருக்கு உடனே விளங்கிவிட்டது. எந்த அன்றைக்கு என்று கேட்கவில்லை. மகனுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டியை, வெள்ளிக்கிழமைகளை, பச்சை ஜாக்கெட்டை, துட்டி வீட்டில் சொன்னதை. அழுதுகொண்டுதான் சொன்னேன். அவர் பின் அட்டையைத் திறந்து அந்தப் பொட்டுகளை வெகுநேரம் பார்த்தார். "முங்குனதுக்கு நான் என்ன சொல்லப் போறேன், அது உன் மனசு" என்றார். பிறகு, "நான் தலை துவட்டிவிட்டேம்லா. அப்பவாது சொல்லியிருக்கலாம்லா" என்றார். சோற்றில் கையைக் கழுவிவிட்டு எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். அவர் சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

புதன்கிழமை தென்காசி ஸ்டேஷனில் மகன் பெட்டியை ஏற்றிவிட்டு இறங்கி என் பக்கத்தில் வந்தான். "எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா. அந்த வெள்ளிக்கிழம ஜெபம் எத்தன மணிக்கு?" என்று கேட்டான். "பன்னெண்டு" என்றேன். "சரி" என்றான். வண்டி கிளம்பும்வரை என் கையை விடவில்லை.

அவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. வடையும் வாங்கி வரவில்லை. இது எப்போது தீரும், எப்படித் தீரும் என்று எனக்குத் தெரியாது. இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. இன்று வெள்ளிக்கிழமை. உங்கள் மகள் ஷட்டரைத் திறந்து வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தாள். பதினொரு மணிக்குப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். மூன்று நாளில் முதல் தடவையாக, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"எங்கன போறே?"

"ஜெபத்துக்கு" என்றேன்.

அவர் வாளியைக் கீழே வைத்த சத்தம் மட்டும் கேட்டது. பஸ்ஸில் வந்தேன், பின்னறையில் உங்கள் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கை பழக்கத்தில் நெற்றிக்குப் போயிற்று. அங்கே ஒரு முகம் இங்கே ஒரு முகம் போதும் என்று பொட்டை எடுக்கவில்லை. என் முறை வந்தபோது, உங்கள் மகள் முன்னால் துட்டி வீட்டில் சொன்னதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பிறகு எழுந்து போய் வரைபடத்தின் உச்சியில் விரலை வைத்தேன். விரல் நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை அக்கா.