எர்லீன் நின்ற இடம்

மெம்ஃபிஸ்
1961 ஏப்ரல் 9

அன்பு எர்லீன்,

நம் இசைத்தட்டு வந்துவிட்டது! உன்னுடையதை என் பழைய பாவாடையில் சுற்றி அனுப்பியிருக்கிறேன்.

நீ சிகாகோவுக்கு அத்தை வீட்டோடு போனதிலிருந்து நம் பாட்டுக் குழு களையிழந்து கிடக்கிறது. ஓடெல் சாக்ஸபோனோடு எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்து, "நீ என்ன வேணா எழுது வில்லா, நான் பாடுறேன். என் கேள்விக்குப் பதில் பாட எர்லீன் இல்லையே" என்று புலம்புகிறான்.

நேற்று அந்த டிரம் கதையைச் சொல்லிச் சிரித்தோம். கார் கூரையில் கட்டியிருந்த பெரிய டிரம் கயிறு அறுந்து, மேட்டுத் தெருவில் உருண்டோடி, பாஸ்டர் வீட்டு வேலியில் முட்டியதே! அவர் வெளியே வந்து, "கோயில் பாட்டுப் பயிற்சின்னுதானே சொன்னீங்க? கர்த்தருக்கு இவ்ளோ பெரிய டிரம்மா?" என்றதும், நீ கண்ணிமைக்காமல், "அவருக்குக் கேக்க வேணாமா பாஸ்டர்?" என்றாய். நான் டிரம்முக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

கேட்டுவிட்டு எழுது.

உன்
வில்லா மே


சிகாகோ
ஏப்ரல் 20

அன்பு வில்லா,

தட்டு பத்திரமாக வந்தது. அத்தை கோழி பொரித்து, மாடி வீட்டு டாலிவர் அம்மாவையும் கூப்பிட்டு, "என் மருமக பாடினது" என்று பெருமையடித்துக்கொண்டுதான் போட்டாள்.

ஓடெல் அழகாகப் பாடுகிறான். கதவைத் திற, கதவைத் திற என்று கெஞ்சுகிறான். உள்ளேயிருந்து நான் பதில் சொல்ல வேண்டுமே, அதைக் காணோம். யாரோ பக்கத்துத் தெருவில் முனகுவதுபோல் இருக்கிறது. டாலிவர் அம்மா, "பாவம் அந்தப் பையன். வீட்டுல ஆளே இல்ல போல" என்றாள். அத்தை சிரிக்கவில்லை. நான் சிரித்தேன்.

ஸ்டுடியோவில் இருந்தது ஒரே மைக். அதைச் சுற்றித் தரையில் நிற்க ஆளுக்கொரு கோடு நீதானே சாக்பீஸால் போட்டாய்? என் பெயர் எழுதிய கோட்டை விட்டு நான் அசையவே இல்லையடி. பின் ஏன் இப்படி?

உன்
எர்லீன்


மெம்ஃபிஸ்
ஏப்ரல் 27

அன்பு எர்லீன்,

இங்கே உன் குரல் நன்றாகத்தான் கேட்கிறது. அத்தையின் பாட்டுப் பெட்டியில் ஊசி தேய்ந்திருக்கும். மாற்றிப் பார். எனக்குத் தேர்வு நெருங்குகிறது, அதிகம் எழுத முடியவில்லை.

வில்லா


சிகாகோ
மே 21

அன்பு வில்லா,

டாலிவர் அம்மாவின் குழந்தையைச் சனிக்கிழமைதோறும் பார்த்துக்கொண்டு, அந்தக் கூலியில் புது ஊசி வாங்கினேன். இன்று போட்டேன். ஓடெல் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது. நான் மட்டும் இல்லை.

நான் சரியாகப் பாடவில்லையா? மறைக்காமல் சொல். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

உன்
எர்லீன்


மெம்ஃபிஸ்
மே 28

அன்பு எர்லீன்,

உன் கடிதத்தைப் பாடப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டே திரிந்தேன். எந்தப் பக்கம் திறந்தாலும் அதுதான் இருந்தது.

உன் பாட்டில் குறையில்லை. ஊசியிலும் இல்லை.

நீயும் மற்றவர்களும் முற்றத்தில் குளிர்பானம் குடிக்கப் போயிருந்தபோது பதிவு செய்கிறவர் என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பொண்ணு குரல் மைக்கை முழுங்குது. கொஞ்சம் பின்னால தள்ளி நிறுத்தும்மா" என்றார். கொஞ்சம் என்றுதான் சொன்னார். நான் உன் கோட்டை அழித்து, கதவோரத்தில் புதுக்கோடு போட்டு, உன் பெயரை அழகாக எழுதி வைத்தேன்.

ஏனென்றால் நான் எழுதிக் கொடுத்த பதில் வரிகளை நீ ஒருநாளும் பாடியதில்லை. உனக்கு அந்த நேரத்தில் தோன்றியதைப் பாடுவாய். நடன அரங்கில் எல்லாரும் அதற்குத்தான் கைதட்டி ஆடினார்கள். ஒரு தட்டிலாவது ஓடெல் பாடும் என் வரிகள் முன்னால் நிற்கட்டும் என்று நினைத்தேன்.

இங்கே ஓடெலும் கேட்கிறான், தட்டில் எர்லீன் குரல் எங்கே என்று. அவனிடமும் ஊசி என்றுதான் சொல்லியிருக்கிறேன். இன்று போய் உண்மையைச் சொல்லப் போகிறேன்.

மன்னித்துவிடு என்று எழுதி எழுதி அடித்துவிட்டேன். நீ சனிக்கிழமைகளில் அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்ததை நினைத்தால் அந்தச் சொல் போதவில்லை.

வில்லா மே


சிகாகோ
ஜூன் 11

வில்லா,

நீ செருப்பால் அந்தக் கோட்டைத் தேய்த்து அழித்ததை நான் முற்றத்திலிருந்து சன்னல் வழியாகப் பார்த்தேன். புத்தகம் படிக்கிறவள், பாட்டுக்கு எது நல்லதென்று உனக்குத் தெரியும் என்று நினைத்தேன். கதவோரமாய்ப் போய் நின்றேன்.

ஊசி என்று நீ எழுதியபோதே எனக்குச் சந்தேகம் வந்தது. உன்னை நம்ப வேண்டும் என்றுதான் புது ஊசி வாங்கினேன்.

இங்கே பேருந்து நிலையத்தில் ஒரு கூண்டு இருக்கிறது. காசு போட்டால் குரலைப் பதிந்து சின்னத் தட்டாகத் தரும். ஒரு ஆள்தான் நிற்க முடியும், கோடு தேவையில்லை. நம் பாட்டைப் பாடி அனுப்பியிருக்கிறேன். ஓடெல் இல்லாததால் கேள்வியும் நானே, பதிலும் நானே. கேள்விகள் உன் வரிகள். ஒரு சொல்கூட மாற்றவில்லை. பதில்கள் என்னுடையவை.

உன் பாவாடையிலேயே சுற்றியிருக்கிறேன். அது உன்னிடமே இருக்கட்டும்.

ஓடெலுக்கும் போட்டுக் காட்டு. கேட்கவில்லை என்றால் ஊசிமேல் பழி போடாதே.

எர்லீன்