சிரித்ததற்கு மன்னிப்பா?

பூந்தமல்லி, 12-2-1937

செய்யாற்று மகாராணி பூங்காவனத்துக்கு, துரை பங்களாச் சமையற்கட்டின் ஏகச் சக்கரவர்த்தியான உன் மாமன் லோகநாதன் எழுதுவது. என் தேகம் மலைபோல் இருக்கிறது. உன் முழங்கால் வலி எப்படி?

நேற்று விருந்தில் துரை ஒரு கிராமபோன் பிளேட்டு வைத்தார். இருநூறு வருஷத்து இத்தாலிய நாடகப் பாட்டாம். விருந்தாளிகள் மாதாகோயிலில் இருப்பதுபோல் உம்மென்று கேட்டார்கள். எனக்குப் பாஷை புரியவில்லை. ஆனால் ஒரு கிழவன் மூச்சிரைக்க அதட்டுகிறான், ஒருத்தி, குரலைக் கேட்டால் வேலைக்காரியேதான், சொல்லுக்குச் சொல் மடக்குகிறாள். நம் ஊர்க் கூத்தில் கோமாளி வேஷம் கட்டி நான் வாங்காத ஏச்சா? சிரித்துவிட்டேன். மாங்காட்டுக் கோயில் மணி அந்த அதிர்ச்சியில் தானாக அடித்தது.

நாளைக்குள் மன்னிப்புக் கேள், இல்லையேல் வேலையை விட்டுப் போ என்றார் துரை.

தோட்டக்கார வேம்புலி பதறினான். "ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவியா அண்ணாத்தே, சோறு பூடும்!"

"சிரிக்க வேண்டிய எடத்துல சிரிச்சவன் நான் ஒருத்தன்தான்டா. அவங்கதான் அந்தப் பாட்டுக்காரங்க கிட்ட மன்னிப்புக் கேக்கணும்!"

என்னோடு சேர்ந்து சிரிக்கத்தான் இங்கே ஆளில்லை. உன் கை மிளகாய்ப்பொடி கொஞ்சம் அனுப்பு. வேண்டாம், அனுப்பாதே, நானே வந்தாலும் வருவேன்.

துரை கூப்பிடுகிறார். பதில் தயார்: "பிளேட்டை இன்னொரு தரம் வையுங்கள், துரை."

உன் மாமன்